சிவப்பு நூல் கட்டிய பன்னீர்ப் போத்தல்

அத்தியாயம் பதினொன்று

ஸித்தி ஸுபைதாவுக்கும் அவருடைய மருமகன் ஸரூக்குக்கும் நேரடிப் பேச்சு கிடையாது என்பதை முதல் வாரத்திலிருந்து வாசித்து வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அது கோபம் அல்ல, முறை. அந்த வீட்டில் மாமியார் மருமகனின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்பதில்லை.

ஸுபைதா குசினி வாசல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் சோறு தின்றாரா என்று மகள் நளீராவிடம் கேட்பார். நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸரூக்கின் காதில் அது தெளிவாக விழும். விழுந்தாலும், நளீரா அதையே இன்னொரு தரம் கேட்ட பிறகுதான் அவன் பதில் சொல்வான். அந்தப் பதில் திரைக்குப் பின்னால் போவதற்கும் நளீராதான் வேண்டும். கல்யாணமாகிப் பதினாலு மாதமாகக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. நளீராவுக்கு இப்போது ஏழு மாதம். இரண்டு பக்கத்துச் செய்திகளோடு பிள்ளையையும் சுமக்கிறாள்.

ஸரூக்குக்குப் பதுளை பஸாரில் கடை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவான். தேயிலைத் தோட்டங்களில் மின்சாரம் இல்லை என்பதால் ரேடியோவுக்காகப் பற்றரியைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்குச் சார்ஜ் பண்ணியும் கொடுப்பான். போன வாரம் பெய்த மழையில் கடைக்கூரை ஒழுகியது. கொழும்பிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து வரவழைத்த ஒரு போத்தல் அசிட்டை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பற்றரிக்கு ஊற்றும்போது பலமடங்கு தண்ணீரில் கலக்க வேண்டிய, இன்னும் கலக்காத, அடர்த்தியான அசிட். ரயிலில் வந்த போத்தலின் கழுத்து வெடித்திருந்ததால், தன் கல்யாணத்துக்கு வாங்கிய பன்னீர்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் மாற்றிக் கண்ணாடி மூடியால் இறுக்கி மூடினான்.

முதலில் குசினி மூலையில்தான் வைத்தான். பூனை உருட்டிவிடும் என்று திரைக்குப் பின்னாலிருந்து ஆட்சேபம் வந்தது. நியாயம்தான் என்று அவனுக்கும் பட்டது. யோசித்துப் பார்த்து அல்மாரியின் மேல்தட்டைத் தேர்ந்தெடுத்தான். அங்கேதான் பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆன் இருக்கிறது. கைகால் முகம் கழுவி வுழூச் செய்யாமல் அந்த வீட்டில் ஒருவரும் அங்கே கை வைக்க மாட்டார்கள். அதைவிடப் பாதுகாப்பான இடம் எது? போத்தலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலையும் கட்டினான். அவன் தொழிலில் சிவப்பு என்றால் கவனம் என்று அர்த்தம். உம்மாவிடம் சொல்லிவிடு என்று நளீராவிடமும் சொன்னான்.

இவ்வளவும் செய்தவனைக் கவனமில்லாதவன் என்று எப்படிச் சொல்வது? அதுதான் இந்த வாரத்துக் குழப்பம்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு லெட்சுமி வந்தாள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நோன்புக்கு முன்னால் மா இடிக்கவும் மிளகாய் இடிக்கவும் இந்த வீட்டுக்கு வந்து பழகியவள். இன்றைக்கு உலக்கைக்காக வரவில்லை. இடுப்பில் ஐந்து வயது மகள் செவந்தி இருந்தாள்.

பிள்ளைக்குக் கக்குவான். இரும ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாமல் இருமி, முகம் நீலம் பாரித்து, கடைசியில் ஒரு கூவலோடு மூச்சை இழுத்தது. தோட்டத்து மருந்துக்காரர் மூன்று வாரமாகத் தண்ணி மருந்து கொடுக்கிறாராம். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு இதே இருமலாம். ஓதின தண்ணி கொஞ்சம் தந்தால் போதும் என்று லெட்சுமி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

இது பதுளையில் புதிதில்லை. தோட்டத்துச் சனங்கள் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள், பள்ளிவாசல் லெப்பையிடம் குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீரும் வாங்குவார்கள். இரண்டில் ஒன்று கேட்காமலா போகும்?

ஸுபைதா வுழூச் செய்துவிட்டு முக்காலியில் ஏறினார். லெப்பை ஓதிக்கொடுத்த இரண்டு போத்தல்களில் ஒன்று காலி. மற்றதில் அடியில் ஒரு விரற்கடை. அதற்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய பன்னீர்ப் போத்தல் நின்றது.

அவர் கை தயங்கியது. ஆனால் உங்களுக்கு வரும் பயத்தால் அல்ல.

ஐந்து நாளைக்கு முன்னால் நளீரா அரைத்தூக்கத்தில் சொன்னது இவ்வளவுதான்: மேல்தட்டில் நூல் கட்டிய போத்தல் இருக்கிறது, அதை ஒருவரும் தொட வேண்டாம் என்று அவர் சொல்லச் சொன்னார். என்ன போத்தல் என்று ஸுபைதா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பன்னீர்ப் போத்தல், குசினி மூலையிலிருந்து எடுத்துக் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தது, கழுத்தில் நூல், தொடவும் கூடாது. பெண்சாதியின் பிரசவம் இலேசாக வேண்டும் என்று மருமகன் எங்கோ போய் ஓதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். பள்ளிவாசல் பக்கம் வெள்ளிக்கு வெள்ளி மட்டும் தலைகாட்டுகிற மருமகன். ஸுபைதா அந்த ஐந்து நாளும் தனக்குள் சிரித்துக்கொண்டே சமைத்தார். அவனுக்காக இறைவனிடம் தனியாகத் துஆவும் கேட்டார்.

மகளின் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு மூச்சு இன்றைக்கே முட்டுகிறது. மருமகனிடம் சொல்லி இன்னொன்று ஓதி எடுக்கலாம். நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்று போத்தலை இறக்கினார். அளவுக்கு மீறிக் கனத்தது. அதையும் பரக்கத், இறைவனின் அருள் என்றே எடுத்துக்கொண்டார்.

லெட்சுமி நூலைக் கண்டதும் போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பொழுது சாயுற நேரம், மஃரிபோட, மூணு மொடக்குக் குடுங்கோ" என்றார் ஸுபைதா. "கொறைஞ்சா பச்சத்தண்ணி சேருங்கோ. ஓதின தண்ணி ஒரு நாளும் முடியப்படாது."

*

ஸரூக் இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தான். மறுநாள் பண்டாரவளையில் ஒரு கல்யாணம். பற்றரிக்கு அசிட் கலக்க வேண்டியிருந்தது. கையைக் கழுவிவிட்டு முக்காலியில் ஏறியவன் இறங்காமல் அப்படியே நின்றான்.

போத்தல் எங்கே என்று நளீராவைக் கேட்டான். நளீரா திரையைப் பார்த்துக் கேட்டாள். லெட்சுமிக்குக் கொடுத்தாயிற்று என்று திரை சொன்னது.

நளீரா அதை அவனிடம் திரும்பச் சொல்லவில்லை. ஐந்து நாளைக்கு முந்திய இரவை அவள் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். அவன் அசிட் என்று சொன்னானா? சொன்னான். அவள் உம்மாவிடம் அசிட் என்று சொன்னாளா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. வாந்தியும் தூக்கமுமாகக் கிடந்த இரவு அது.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்" என்று அவள் அழுதாள். "தொட வேணாம் எண்டு சொன்னேன்."

திரைக்குப் பின்னால் ஸுபைதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓதின தண்ணியைக் கொடுத்ததற்கு மகள் ஏன் இப்படி அழ வேண்டும்? மருமகனுக்குக் கோபமா? ஒரு போத்தலுக்கா? பிறகு ஸரூக், யாரிடம் என்று இல்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"அது தண்ணி இல்ல. பற்றரி அசிட். தொண்டையில பட்டா வெந்து போகும்."

திரைக்குப் பின்னால் முக்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. ஸுபைதா உட்கார்ந்துவிட்டார். மூணு மொடக்கு என்று தன் வாயால் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

எப்போது குடிக்கக் கொடுப்பாள் என்று ஸரூக் கேட்டான். மஃரிபுக்கு என்று பதில் வந்தது. மணி இரண்டேகால். ஸ்பிரிங்வெளி பஸ் இனி நாலு மணிக்குத்தான். அதை நம்ப முடியாது. ஸரூக் பஸாரில் வாடகைக்கு ஓடும் வீரசிங்கத்தின் ஹயர் காரைத் தேடி ஓடினான். ஓடுவதற்கு முன்னால் குசினியிலிருந்த, அப்பத்துக்குப் போடும் சோடா மாப் பொட்டலத்தையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். அசிட் சிந்தினால் கடையில் அவன் செய்கிற முதல் வேலை, அதன்மேல் சோடாவைத் தூவுவதுதான்.

கார் வேறொரு பயணம் போயிருந்தது; அவன் காரோடு திரும்பி வந்தபோது மணி நாலாகிவிட்டது. வாசலில் ஸுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். லெட்சுமியின் லயம் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஸுபைதாவின் புருஷன் ஊரில் ஒரு மரண வீட்டுக்குப் போயிருக்கிறார். தூக்கிப் போடும் அந்த மலைப்பாதையில் நளீராவைக் கொண்டுபோக முடியாது. பக்கத்து வீட்டு உம்மு குல்தூமைத் துணைக்கு வைத்துவிட்டுக் காரின் பின்சீட்டில் ஏறினார்.

ஏறிய பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. நடுவில் நளீரா இல்லை.

*

வீரசிங்கம் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறவர். பிரசவம், பிரேதம், ஓடிப்போன சோடி எல்லாம் ஏற்றியிருக்கிறார். இப்படி ஒரு பயணத்தை அவர் கண்டதில்லை.

"தம்பி, இன்னும் கொஞ்சம் வெரசாப் போகலாமா எண்டு அவர்கிட்டக் கேளுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஓட்டுகிறவர் தாமே என்பதால் வீரசிங்கம் குழம்பினார். பக்கத்தில் இருந்த ஸரூக்கைப் பார்த்தார். ஸரூக், இந்தப் பாதையில் இதற்கு மேல் முடியாது என்று அவரிடம் சொல்லச் சொன்னான். வீரசிங்கம் கண்ணாடியைப் பார்த்து அதைப் பின்சீட்டுக்குச் சொன்னார். மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

மழையில் கரைந்த பாதை. வளைவுக்கு வளைவு சேறு. ஒரு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கொழுந்து லொறி ஒன்றுக்கு வழிவிட்டுப் பின்னால் போய் நின்றதில் முழுதாகப் பத்து நிமிடம் போயிற்று. ஸுபைதா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார்.

லெட்சுமிக்கு வேறு என்ன சொன்னீர்கள் என்று ஸரூக் கேட்கச் சொல்லி, வீரசிங்கம் கேட்டார்.

மூணு மொடக்கு என்று சொன்னது, குறைந்தால் பச்சத்தண்ணி சேர்க்கச் சொன்னது, எல்லாவற்றையும் ஸுபைதா சொன்னார். வீரசிங்கம் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஸரூக் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அசிட்டுக்குள்ள தண்ணி ஊத்தப்படாது" என்றான். "தண்ணிக்குள்ளதான் அசிட்ட ஊத்தணும். மாறி ஊத்தினா அந்த இடத்திலேயே கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். போத்தலும் வெடிக்கும்."

இதை யாருக்குச் சொன்னான் என்று வீரசிங்கத்துக்குத் தெரியவில்லை. ஆகவே பின்னால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பின்சீட்டில் ஓதலும் நின்றுபோயிருந்தது. தான் கொடுத்தது ஒரு தவறு என்றுதான் ஸுபைதா இவ்வளவு நேரமும் நினைத்திருந்தார். அந்தத் தவறை எப்படிப் பெரிதாக்குவது என்றும் தானே கற்றுக்கொடுத்து அனுப்பியது இப்போதுதான் விளங்கியது.

*

லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கார் ஏறாது. கீழே நிறுத்திவிட்டு மூவரும் நடந்தார்கள். ஸுபைதா நடக்கவில்லை, ஓடினார். நாற்பத்தெட்டு வயதில் கடைசியாக எப்போது ஓடினார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

லெட்சுமியின் ஒற்றை அறைக் காம்பரா திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. போத்தலும் இல்லை.

பக்கத்துக் காம்பராவிலிருந்து பெரியாயி என்ற கிழவி வந்து, பிள்ளையை மருந்துக்காரரிடம் தூக்கிப் போயிருப்பாள் என்றாள். இல்லை, பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனாள் என்றாள் இன்னொருத்தி. மலையிலிருந்து குழாய் வழியாக வந்து ஓயாமல் கொட்டும் தண்ணீரைத் தோட்டத்தில் பீலி என்பார்கள். மூன்றாவது ஒருத்தி, எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். ஸரூக் நடுவில் நின்று சுற்றிச்சுற்றிப் பார்த்தான். எந்தப் பக்கம் போனாலும் மற்றப் பக்கம் தவறிவிடும் போலிருந்தது. நமுனுகுல மலையின் உச்சியில் மட்டும்தான் வெயில் மிச்சமிருந்தது.

"எல்லாப் பிள்ளைகளையுமா?" என்று ஸுபைதா அந்த மூன்றாவது பெண்ணைக் கேட்டார்.

"ஆமாங்க. இருமல் புடிச்ச புள்ளைங்க எல்லாத்துக்கும் குடுக்கணும்னு சொன்னா. தண்ணியும் செம்புல கொண்டு போனா."

ஸுபைதா அதற்கு மேல் கேட்கவில்லை. கோயிலை நோக்கி ஓடினார்.

கோயில் என்றால் லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் தகரக் கூரையும் அம்மனின் சூலமும். அதற்கு முன்னால் ஏழு பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆளுக்கொரு தகரக் குவளை. முதலாவதாக செவந்தி. அம்மனின் காலடியில் பொழுதுவரை வைத்திருந்த பன்னீர்ப் போத்தலை லெட்சுமி அப்போதுதான் கையில் எடுத்திருந்தாள். கழுத்து நூலுக்கு மேலே குங்குமப் பொட்டு. மற்றக் கையில் செம்பு. ஏழு பேருக்கும் போதாது என்று நினைத்து, சொன்னபடியே பச்சத்தண்ணி சேர்க்கப் போனாள்.

"லெட்சுமி, ஊத்தாதே!"

அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கை மட்டும் அதற்குள் சரிந்துவிட்டது.

சீறிய சத்தம்தான் முதலில் கேட்டது. போத்தலின் வாயிலிருந்து கொதித்துக்கொண்டு பீச்சியது. அவள் அலறிக்கொண்டு கையை உதறினாள். போத்தல் படிக்கல்லில் விழுந்து உடைந்தது. குங்குமம் வைத்த கழுத்துத் துண்டு நூலோடு தனியாக உருண்டது. திரும்பிப் பார்த்திராவிட்டால் அந்தக் கொதிப்பு கண்ணில் அடித்திருக்கும். இப்போது வலது கையிலும் மணிக்கட்டிலும் பாதத்திலும் பட்டிருந்தது.

*

ஸரூக் பிள்ளைகளைப் பின்னால் தள்ளினான். ஒன்றுக்கும் காலில் செருப்பு இல்லை. கொண்டுவந்த சோடாவைப் படிக்கல்லில் தூவினான். கல் நுரைத்துப் பொங்கியது. அதைக் கண்டு கூட்டம் இன்னும் பின்வாங்கியது. கண்ணாடித் துண்டுகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீரசிங்கத்தை நிறுத்திவிட்டு, லெட்சுமியைத் தாங்கிப் பிடித்துப் பீலிக்குக் கொண்டுபோனான். அசிட் நனைத்த சேலைக் கரையைக் கிழித்தெறிந்துவிட்டு, கையையும் காலையும் கொட்டும் தண்ணீருக்கு நேராகப் பிடித்தான்.

ஒருத்தி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். இன்னொருத்தி மஞ்சள் அரைக்க ஓடினாள். எண்ணெய் வேண்டாம், ஒன்றும் பூச வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று ஸரூக் சொன்னான். எங்கிருந்தோ வந்த ஒரு ஆம்பிளை சொல்வதை யார் கேட்பார்கள்? வெந்த புண்ணில் பச்சத்தண்ணி படலாமா என்று பெரியாயி சண்டைக்கே வந்தாள். லெட்சுமி வலி தாங்காமல் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

ஸுபைதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீலிக்குள் இறங்கினார். சேலை முழங்கால்வரை நனைந்தது. லெட்சுமியின் மணிக்கட்டைத் தானே பிடித்துத் தண்ணீருக்கடியில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார். நடுவில் நளீராவும் இல்லை, வீரசிங்கமும் இல்லை. முக்காடு தோளில் விழுந்து கிடந்தது.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும், மருமகன்?"

ஸரூக் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் குரலை அவன் பதினாலு மாதமாகக் கேட்டிருக்கிறான். முகத்தை இப்போதுதான் பார்க்கிறான். நளீராவின் அதே நெற்றி.

"அரை மணித்தியாலத்துக்குக் கொறையப்படாது, மாமி. அதுக்குப் பொறகு மருந்துக்காரர்கிட்டக் கொண்டு போவம்."

"கேட்டீங்களா?" என்று ஸுபைதா பெண்களிடம் திரும்பினார். "எண்ணெய்ய அங்கால வைங்கோ."

வைத்தார்கள்.

தண்ணீர் கொட்டக் கொட்ட லெட்சுமியின் முனகல் கொஞ்சம் குறைந்தது. சுற்றி நின்றவர்களிடையே பேச்சு கிளம்பியது. முதலில் கிசுகிசுப்பாக, பிறகு வெளிப்படையாக. துலுக்க வீட்டில் ஓதிய தண்ணியைக் கொண்டுபோய் ஆத்தாவின் காலடியில் வைக்கலாமா? அதற்குப் பொட்டு வேறு வைக்கலாமா? இரண்டு தெய்வத்தையும் ஒன்றாக்கப் பார்த்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? பெரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லெட்சுமி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"நாந்தான் தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று ஸுபைதாவைக் கேட்டாள். "கோயில்ல வெச்சது குத்தமா? ஓதுன தண்ணிக்குக் கோவம் வந்திருச்சா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படியே போய்விடும். அந்த வீட்டுத் தண்ணீருக்கு அவ்வளவு சக்தியாம் என்று பத்து லயத்தில் பேசுவார்கள். ஸுபைதாவின் வீட்டுப் பெயருக்கு ஒன்றும் வராது. ஸரூக்கும் மாமியாரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தான்.

"அது ஓதின தண்ணி இல்ல லெட்சுமி" என்றார் ஸுபைதா. "பற்றரிக்கு ஊத்துற அசிட். நான்தான் தெரியாம எடுத்துத் தந்தேன். ஓங்க மேல பிழை இல்ல. சாமி மேலயும் இல்ல. பிழை எங்கட வீட்டுல."

அவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பீலியின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

அசிட் என்றால் என்னவென்று பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ஒரு தாய்க்கு விளங்கியது. அவள் தன் பிள்ளையின் கையிலிருந்த தகரக் குவளையைப் பறித்துத் தூர எறிந்தாள். பிறகு ஒவ்வொருவராக எறிந்தார்கள். ஏழு குவளைகளும் காலியாகத்தான் இருந்தன. ஆனாலும் எறிந்தார்கள்.

லெட்சுமி ஸுபைதாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எதையோ எண்ணிப் பார்ப்பவள் போலப் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஊத்தும்போது வெரல்ல ஒரு சொட்டுப் பட்டு எரிஞ்சிச்சு" என்றாள் மெதுவாக. "கொழுந்து எடுத்து வெடிச்ச கை, அதான் எரியுதுன்னு நெனச்சேன்."

"எப்ப ஊத்தினீங்க?" என்று கேட்டான் ஸரூக்.

"காலயில. பதுள பஸ் ஸ்டாண்டுல. அக்கா புருஷன் கந்தப்பன் வந்திருந்தாரு, மடுல்சீமையில இருந்து. அக்காவுக்குக் கால் வீக்கம். காலி மருந்துச் சீசா ஒண்ணு வெச்சிருந்தாரு. கொஞ்சம் ஊத்திக் குடுத்தேன்."

பிடித்திருந்த மணிக்கட்டை ஸுபைதா விடவில்லை.

"எப்ப குடிக்கச் சொன்னீங்க?" என்று அவரே கேட்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. விடிஞ்சதும் வெறும் வயித்துல."

*

லெட்சுமியை மருந்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்கியபோது இருட்டிக்கொண்டு வந்தது. அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றியது நல்லது, எண்ணெய் பூசியிருந்தால் அசிட் இன்னும் உள்ளே போயிருக்கும் என்றார். காலையில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் சொல்லிவிட்டார். செவந்தி பெரியாயியின் மடியில் இருமிக்கொண்டிருந்தாள்.

பதுளைக்குத் திரும்பி, பெற்றோல் தேடி, பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏற வேண்டும். விடிவதற்குள் போய்ச் சேரலாம் என்று வீரசிங்கம் சொன்னார். அங்கே எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று லெட்சுமிக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. கந்தப்பன் என்ற பெயரில் அங்கே எத்தனை பேரோ.

கார் கிளம்பிக் கொஞ்சத் தூரம் போனதும் பின்சீட்டில் அசைவு கேட்டது. செய்தி கொண்டுபோகப் பழகிவிட்ட வீரசிங்கம், சொல்லுங்கம்மா என்று கண்ணாடியைப் பார்த்தார்.

"நீங்க ரோட்டப் பாருங்கோ தம்பி. நான் என்ட மருமகனோட பேசுறேன்."

வீரசிங்கம் ரோட்டைப் பார்த்தார்.

"அந்தப் போத்தல நீங்க நளீராக்கு ஓதிக்கொண்டு வந்தீங்க எண்டு நினைச்சேன்" என்றார் ஸுபைதா. "அஞ்சு நாளா அந்தச் சந்தோஷத்திலதான் இருந்தேன்."

அசிட்டை அங்கே வைத்தது தன் பிழை என்று ஸரூக் சொல்ல நினைத்தான். உங்களிடம் நேரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று சொல்ல நினைத்தான். இரண்டையும் சொன்னான். ஆனால் தலைகீழாக, திக்கித் திக்கிச் சொன்னான். ஸுபைதா கேட்டுக்கொண்டார்.

அதே நேரத்தில் மடுல்சீமை மலையில் கடைசி பஸ் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. பகல் முழுக்கப் பதுளையில் அலைந்துவிட்டு ஏறிய கந்தப்பன் ஜன்னலோரமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சீசாவுக்கு மூடி இல்லாததால் லெட்சுமி செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளிருந்தது மேலே வந்து அந்தக் கடதாசியைத் தொட்டது. அவருடைய சட்டைப்பைக்குள், நெஞ்சுக்கு நேராக, அது கறுக்க ஆரம்பித்திருந்தது.